கனடாவில் பிள்ளைகளின் வதிவுரிமையும் குடியுரிமையும்: 18 வயதுக்குள் செய்து முடிக்க வேண்டியவை

ஸ்காபரோவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் குடிவரவுப் படிவங்கள் விரிந்து கிடக்காத மாதம் குறைவு. உறவுக்காரர், உறவுக்காரருக்குத் தெரிந்தவர் என்று யாராவது ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் வழக்கறிஞர் இல்லை. படிவத்தை வாசித்துச் சொல்வதும், எது விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பதும்தான் என் வேலை. சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் வந்தார். மகனுக்கு 19 வயது. கடவுச்சீட்டு எடுக்கப் போன இடத்தில் குடியுரிமைச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். "நாங்கள் ரெண்டு பேரும் அப்பவே சிட்டிசன் எடுத்திட்டம். பிள்ளைக்கும் அதோடயே வந்திருக்கும்தானே?" என்று கேட்டார்.

வந்திருக்கவில்லை. கனடாவில் நிரந்தர வதிவுரிமை பெற்ற பிறகு பெற்றோர் குடியுரிமை எடுத்தால், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அது தானாக ஒட்டிக்கொள்ளாது. பிள்ளையின் பெயரில் தனி விண்ணப்பம் போக வேண்டும். அந்த ஒரு விண்ணப்பத்தைத் தள்ளிப்போட்டதால் தடுமாறிய குடும்பங்களைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

பிள்ளையின் நிலை என்ன என்று முதலில் பாருங்கள்

எங்கே பிறந்தது, அன்று தாய் தகப்பன் யாராக இருந்தார்கள் என்ற இரண்டு கேள்விகளும் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கனடா மண்ணில் பிறந்த பிள்ளை பிறக்கும்போதே குடிமகன். பெற்றோர் அகதிக் கோரிக்கையில் இருந்தாலும், மாணவர் அனுமதியில் இருந்தாலும் அப்படித்தான். வெளிநாட்டுத் தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் மட்டும் விதிவிலக்கு.

வெளிநாட்டில் பிறந்திருந்தாலும், பிறந்த நாளில் தாயோ தகப்பனோ ஏற்கெனவே கனடியக் குடிமகனாகியிருந்தால் பிள்ளையும் குடிமகன். அதற்கு ஸ்பொன்சரும் (குடும்பத்தவர் பொறுப்பேற்று அழைக்கும் விண்ணப்பம்) வேண்டாம், வதிவுரிமையும் வேண்டாம். குடியுரிமைச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் போதும், கட்டணம் 75 டொலர். பிறந்த நாளில் பெற்றோர் இருவருமே வதிவுரிமை மட்டும் பெற்றவர்களாக இருந்தாலோ, கனடாவுக்கே வராதவர்களாக இருந்தாலோ, பிள்ளை முதலில் நிரந்தர வதிவுரிமை பெற வேண்டும், பிறகுதான் குடியுரிமை. இந்த வழிகாட்டி பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைப் பிள்ளைகளுக்கானது.

குடியுரிமைச் சட்டத்தில் அண்மையில் வந்த மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் பிறந்து பெற்றோர் வழியாகக் குடிமகனானவர், வெளிநாட்டில் பிறக்கும் தன் பிள்ளைக்கு அதைக் கடத்த முடியாது என்று 2009 முதல் ஒரு தடை இருந்தது. 2025 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த சி-3 சட்டம் அதைத் தளர்த்தியது. அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறக்கும் பிள்ளைகளுக்கு, அந்தத் தாயோ தகப்பனோ பிள்ளை பிறக்குமுன் கனடாவில் மொத்தம் 1,095 நாட்கள் இருந்திருக்க வேண்டும். இன்று புதிதாக வருபவர்களுக்கு இது உடனே தேவைப்படாது, அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தேவைப்படலாம்.

எல்லாப் பிள்ளைகளின் பெயரும் படிவத்தில் இருக்க வேண்டும்

வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, உங்களோடு வரும் பிள்ளை, வராத பிள்ளை, முதல் மணத்துப் பிள்ளை, தாத்தா பாட்டியோடு ஊரில் நிற்கும் பிள்ளை, இப்போது தொடர்பில் இல்லாத பிள்ளை எல்லாரையும் எழுத வேண்டும். சார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும், கூட வராதவர்களுக்கும், பொதுவாக மருத்துவப் பரிசோதனை செய்தாக வேண்டும்.

இதில் தவறினால் வரும் தண்டனை கடுமையானது. குடிவரவு விதிகளில் 117(9)(டி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. வதிவுரிமை எடுக்கும்போது சொல்லாமல் விட்ட, அதனால் பரிசோதிக்கப்படாத பிள்ளையைப் பின்னாளில் குடும்பப் பிரிவில் ஸ்பொன்சர் செய்ய முடியாது என்கிறது அது. பலர் களவுக்காக மறைப்பதில்லை. பிரிந்துபோன துணையோடு வழக்கு இருக்கிறது, பிள்ளையை அவர்கள் விடமாட்டார்கள், எழுதி என்ன பயன் என்று விட்டுவிடுவார்கள். இன்னும் சிலருக்கு ஏஜென்ட் "அதைப் போட்டால் கேஸ் இழுபடும்" என்று சொல்லியிருப்பார். அகதிகளாக ஏற்கப்பட்டவர்களுக்கும் குடும்ப ஸ்பொன்சரில் வந்தவர்களுக்கும் 2019 செப்டம்பரில் இதிலிருந்து ஒரு தற்காலிகத் தளர்வு கொண்டுவரப்பட்டது. தொழில்தகுதிப் பிரிவில் வந்தவர்களுக்கு அது பொருந்தாது. அந்தத் தளர்வை நம்பி ஒரு பிள்ளையின் பெயரை விடாதீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு கண்ணி உண்டு. வதிவுரிமை உறுதிப்பத்திரம் கைக்கு வந்துவிட்டது, இன்னும் லேண்டிங் ஆகவில்லை (கனடாவில் இறங்கி வதிவுரிமையைப் பெறவில்லை), அந்த இடைவெளியில் ஒரு குழந்தை பிறக்கிறது. பயணச்சீட்டு எடுத்தாயிற்று, குழந்தையைப் பிறகு கூப்பிடலாம் என்று விமானம் ஏறிவிட்டால் அந்தக் குழந்தையும் சொல்லப்படாத பிள்ளைதான். விசா அலுவலகத்துக்கு உடனே அறிவியுங்கள். பயணம் சில மாதங்கள் தள்ளிப்போகட்டும்.

துணையைப் பிரிந்து பிள்ளையோடு வருபவர், மற்றப் பெற்றவரின் ஒப்புதல் படிவத்தை முன்கூட்டியே வாங்க வேண்டும். ஒப்புதல் தர மறுத்தால் பிள்ளையின் பொறுப்பு யாருக்கு என்று சொல்லும் நீதிமன்றக் கட்டளை வேண்டும். ஊரில் வழக்கு முடிய எவ்வளவு காலம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும், அதனால் இதை முதலில் தொடங்குங்கள்.

22 என்ற எல்லை, அதில் பூட்டப்படும் நாள்

சார்ந்திருக்கும் பிள்ளை என்றால் 22 வயது நிறையாத, மணமாகாத, மணம் செய்யாமல் துணையோடு சேர்ந்தும் வாழாத பிள்ளை. 2014 ஆகஸ்டில் இந்த வயதை 19க்குக் கீழே என்று குறைத்தார்கள், 2017 அக்டோபர் 24 முதல் மறுபடி 22 ஆக்கினார்கள். அந்த மூன்று வருடத்தில் வந்த ஆலோசனைகளை இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உடல் அல்லது மன நிலை காரணமாகத் தன்னைத் தானே தாங்க முடியாமல், 22க்கு முன்பிருந்தே பெற்றோரின் பணத்தில் வாழும் பிள்ளைக்கு இந்த வயது எல்லை இல்லை.

வயது எந்த நாளில் கணக்கிடப்படுகிறது என்பதுதான் முக்கியம். ஒரு குறிப்பிட்ட நாளில் வயது பூட்டப்படும், அதன்பின் விண்ணப்பம் எத்தனை வருடம் கிடந்தாலும் பிள்ளைக்கு அந்த வயதுதான். அந்த நாள் பிரிவுக்குப் பிரிவு மாறும். ஸ்பொன்சரில், முழுமையான விண்ணப்பம் அலுவலகத்துக்குக் கிடைத்த நாள். உள்நாட்டில் அகதிக் கோரிக்கை வைத்து ஏற்கப்பட்டவருக்கு, கோரிக்கை வைத்த நாள். மாகாண நியமனத்தில் (ஒரு மாகாணமே ஆளைத் தெரிந்து நியமிக்கும் பிரிவில்), மாகாணத்துக்கு விண்ணப்பித்த நாள். தொழில்தகுதி உள்ளவர்களை இணையத்தில் தெரிந்தெடுத்து அழைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சுயவிவரம் போட்ட நாளோ அழைப்பு வந்த நாளோ வயதைப் பூட்டாது, அழைப்புக்குப் பிறகு முழு விண்ணப்பத்தை அனுப்பிய நாள்தான் பூட்டும். பிள்ளை 21ஐத் தாண்டிவிட்டால் அழைப்பு வந்ததும் 60 நாள் அவகாசம் இருக்கிறதே என்று இருக்காதீர்கள். கையெழுத்து ஒன்று விடுபட்டாலும் விண்ணப்பம் திரும்பி வரும். திரும்பி வந்த விண்ணப்பம் எந்த நாளையும் பூட்டாது.

வயது பூட்டப்பட்டாலும் மணநிலை பூட்டப்படாது. வதிவுரிமை கைக்கு வரும் நாள்வரை பிள்ளை மணமாகாதவராகவே இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் கல்யாணம் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று முதலில் "எழுத்து" மட்டும் செய்து வைக்கும் பழக்கம் இருக்கிறது. உறவினர் கண்ணில் அது நிச்சயம் மாதிரித்தான். குடிவரவுச் சட்டத்தில் அது திருமணப் பதிவு, அன்றோடு அந்தப் பிள்ளை விண்ணப்பத்திலிருந்து விழுந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மகள் இப்படி ஊரிலேயே நின்றுவிட்டாள். நல்ல வரன், பதிவை மட்டும் முடித்துவிடுவோம் என்று அவசரப்பட்டவர்கள் பெற்றோர்தான். மோதிரம் மாற்றுங்கள், பதிவுக்கு மட்டும் பொறுங்கள்.

பிறப்புச் சான்றிதழும் பெயரும்

தாய் தகப்பன் இருவரின் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் ஆங்கிலத்துக்கோ பிரெஞ்சுக்கோ மொழிபெயர்க்க வேண்டும், சொந்தக்காரர் மொழிபெயர்த்தால் ஏற்க மாட்டார்கள். போர்க் காலத்தில் இடம்பெயர்ந்து பிறந்து பதியப்படாத பிள்ளைக்கு இலங்கையில் காலங்கடந்த பிறப்புப் பதிவு செய்ய வழி இருக்கிறது. அதற்கும் நேரம் பிடிக்கும்.

நம் பெயர் முறை இங்கே பெரிய சிக்கல். தகப்பனின் பெயர் பிள்ளைக்குக் குடும்பப் பெயராகிறது, தகப்பனுக்கோ அவருடைய தகப்பனின் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். அதோடு "சிவகுமார்" என்ற பெயரே பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பில் ஒரு எழுத்துக்கூட்டலிலும் கடவுச்சீட்டில் இன்னொன்றிலும் இருக்கும். மொழிபெயர்ப்பாளரிடம் கடவுச்சீட்டின் பிரதியைக் கொடுத்து, அதில் உள்ள எழுத்துக்கூட்டலையே பாவிக்கச் சொல்லுங்கள். வதிவுரிமைப் பத்திரத்தில் விழும் எழுத்துப்பிழை குடியுரிமைச் சான்றிதழ்வரை கூடவே வரும், பிறகு திருத்த ஓடித் திரிய வேண்டும். உறுதிப்பத்திரம் வந்த அன்றே ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

காத்திருக்கும் காலத்தில் பள்ளிக்கூடம்

காகிதம் முடியவில்லை என்று பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். பெற்றோருக்குக் கனடாவில் வேலை செய்யவோ படிக்கவோ அனுமதி இருந்தால், இங்கே வந்துவிட்ட பிள்ளை உயர்நிலைப் பள்ளிவரை தனி மாணவர் அனுமதி இல்லாமல் படிக்கலாம். அகதிக் கோரிக்கையாளரின் பிள்ளைகளும் படிக்கலாம். ஒன்டாரியோவின் கல்விச் சட்டம், பெற்றோரின் குடிவரவு நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று எழுத்திலேயே சொல்கிறது. பள்ளி அலுவலகத்தில் தயங்கினால் 49.1 என்ற பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகுமுன்

இது நம்மவர்களுக்கென்றே இருக்கும் ஆபத்து. வதிவுரிமை கிடைத்து ஒரு வருடம், மகள் கர்ப்பம். இங்கே பார்க்க ஆளில்லை, சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அம்மாவிடம் போய்ப் பிள்ளை பெற்று வருகிறாள். பெற்றோர் இருவரும் வதிவுரிமை மட்டுமே வைத்திருக்கும்போது அங்கே பிறந்த குழந்தைக்குக் கனடாவில் எந்த உரிமையும் கிடையாது. குடிமகனும் இல்லை, வதிவுரிமையும் இல்லை. குடும்பப் பிரிவில் ஸ்பொன்சர் செய்து, முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும். வதிவுரிமை மட்டும் உள்ளவர் ஸ்பொன்சர் செய்ய வேண்டுமென்றால் கனடாவில் வசித்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் தகப்பன் இங்கே, தாயும் பிள்ளையும் அங்கே என்று குடும்பம் பிரிந்து கிடக்கும். வருகையாளர் விசாவில் குழந்தையைக் கூட்டிவர முயலலாம், ஆனால் அதைத் தருவதும் மறுப்பதும் அதிகாரியின் கையில்.

உங்கள் அம்மாவை இங்கே அழைக்க முயலுங்கள். முடியாவிட்டால் யாரையாவது துணைக்கு வைத்துக்கொண்டு இங்கேயே பெறுங்கள். நாலு மாத உதவிக்காக ஒரு வருடப் பிரிவை வாங்க வேண்டாம் என்று யார் வந்தாலும் சொல்கிறேன். போய்ப் பெற்றுவிட்டீர்களா? குழந்தையின் பிறப்பைப் பதிந்த அன்றே ஸ்பொன்சர் வேலையைத் தொடங்குங்கள். சார்ந்திருக்கும் பிள்ளையை மட்டும் கூப்பிட, பெற்றோரைக் கூப்பிடக் கேட்பதுபோல் குறைந்தபட்ச வருமானம் பொதுவாகக் கேட்கப்படுவதில்லை.

வதிவுரிமை வந்தபின் எண்ண வேண்டிய நாட்கள்

வதிவுரிமை பெற்றவர் ஒவ்வொரு ஐந்து வருடத்திலும் 730 நாட்கள் கனடாவில் இருக்க வேண்டும், பிள்ளைக்கும் அதே கணக்கு. கனடியக் குடிமகனான தாய் அல்லது தகப்பனோடு சேர்ந்து வெளிநாட்டில் வசித்தால் அந்த நாட்கள் கணக்கில் சேரும். தமிழ் படிக்கட்டும், ஒழுக்கம் பழகட்டும் என்று பிள்ளையை மட்டும் ஊரில் பாட்டியிடமோ சென்னை விடுதிப் பள்ளியிலோ விட்டுவந்தால் சேராது. வெளியே நிற்கும்போது வதிவுரிமை அட்டை காலாவதியானால், திரும்பி வரப் பயண ஆவணம் ஒன்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அங்கேதான் நாட்களை எண்ணுவார்கள். பிள்ளை தானாக முடிவெடுத்துப் போகவில்லை என்ற மனிதாபிமானக் காரணத்தைக் கேட்பார்கள், ஏற்றே ஆக வேண்டும் என்றில்லை.

குடியுரிமை விண்ணப்பம்: பெற்றோரோடு சேர்த்தே போடுங்கள்

18 வயது நிறையாத, வதிவுரிமை உள்ள பிள்ளைக்குத் தாயோ தகப்பனோ குடிமகனாக இருந்தால், அல்லது அதே நேரத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பித்தால், குடியுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவில் பிள்ளைக்கு விண்ணப்பிக்கலாம். இது எவ்வளவு எளிது என்று தெரிந்தால் யாரும் தள்ளிப்போட மாட்டார்கள். பெரியவருக்குக் கடைசி ஐந்து வருடத்தில் 1,095 நாட்கள் வேண்டும், வரிக் கணக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டும், 18 முதல் 54 வயதுவரை மொழித் தகுதி காட்ட வேண்டும், குடியுரிமைப் பரீட்சையில் 20 கேள்வியில் 15 சரியாக எழுத வேண்டும். 5(2) பிரிவில் போகும் பிள்ளைக்கு இதில் எதுவும் இல்லை. நாட்களே எண்ணப்படுவதில்லை. பிள்ளையின் கட்டணம் 100 டொலர், பெரியவருக்கு 600 டொலருக்கு மேல்.

படிவம் சி.ஐ.டி. 0003 (CIT 0003). பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வதிவுரிமை ஆதாரம், கடவுச்சீட்டுப் பக்கங்கள், பள்ளி அறிக்கை அல்லது சுகாதார அட்டை போன்ற அடையாளங்கள், படங்கள், பெற்றோர் ஏற்கெனவே குடிமகன் என்றால் அதற்கான சான்று. இவ்வளவும் பெரும்பாலும் வீட்டு அலுமாரியிலேயே இருக்கும். 14 வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளை படிவத்தில் தானும் கையெழுத்திட வேண்டும். என் மகளின் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது அந்தக் கையெழுத்து இல்லாததால்தான். எல்லாப் படிவத்திலும் நானே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தேன், இரண்டு மாதம் போயிற்று. 14 வயதான பிள்ளை சத்தியப்பிரமாணமும் எடுக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு அது கட்டாயம் இல்லை, ஆனாலும் கூட்டிப்போங்கள்.

பெற்றோருக்கு மொழியோ நாட்களோ இன்னும் சரிவராமல் இருக்கிறது, பிள்ளைக்கு 16 ஆகிவிட்டது என்றால் என்ன செய்வது? 2017 ஜூனுக்குப் பிறகு, பெற்றோர் யாரும் குடிமகனாக இல்லாவிட்டாலும் 18க்குக் கீழ்ப்பட்ட பிள்ளை 5(1) பிரிவில் விண்ணப்பிக்கலாம். அதற்கு மட்டும் பிள்ளைக்கே 1,095 நாட்கள் இருக்க வேண்டும். சிறுவயதில் வந்து இங்கேயே படித்த பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் இருக்கும். தகப்பன் நாடு நாடாக வேலைக்குப் போய் வருபவர், தாய்க்கு ஆங்கிலம் கடினம் என்ற வீடுகளில் இந்த வழி தெரியாமலே பிள்ளைகள் 18ஐக் கடந்துவிடுகிறார்கள்.

18 தாண்டினால் என்ன போகும்

கட்டணமும் பரீட்சையும் சின்ன விஷயம். 20 வயதுப் பையன் சண்டை ஒன்றில் மாட்டி, அதிகபட்சத் தண்டனை பத்து வருடமோ அதற்கு மேலோ உள்ள குற்றத்தில் தீர்ப்புப் பெற்றாலோ, ஆறு மாதத்துக்கு மேல் சிறைத் தண்டனை பெற்றாலோ, அவன் வதிவுரிமை மட்டும் உள்ளவனாக இருந்தால் நாடுகடத்தும் கட்டளை வரலாம். 2013 ஜூன் முதல், ஆறு மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவருக்குக் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமையும் இல்லை. குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கும்போது குடியுரிமையும் தர மாட்டார்கள். அதாவது ஆபத்து வந்தபின் இந்தக் கதவு மூடிவிடும்.

2018இல் நாடு முழுவதும் பேசப்பட்ட ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. சோமாலியாவைச் சேர்ந்த ஒரு பையன் 2000ஆம் ஆண்டு, ஆறு வயதில், அகதியாகக் கனடா வந்தான். நோவா ஸ்கோஷியா அரசின் பராமரிப்பில், வீடு மாற்றி வீடு வைத்து வளர்க்கப்பட்டான். யாரும் அவனுக்குக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. பெரியவனாகிச் சிறை சென்று வெளியே வந்தபோது, மொழியே தெரியாத நாட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்டு, அமைச்சரும் கைவிட்ட பிறகே அவர் தப்பினார். ஓர் அரசாங்கமே தன் பொறுப்பில் இருந்த பிள்ளைக்கு அந்தப் படிவத்தை நிரப்பவில்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. உறவினர் வீட்டில் வளரும் பிள்ளை, காப்பாளரோடு இருக்கும் பிள்ளை உங்கள் கண்ணில் பட்டால், குடியுரிமை போட்டாயிற்றா என்று நீங்களே கேளுங்கள்.

பிள்ளை ஏற்கெனவே 18 ஆகிவிட்டால் பெரியவருக்கான சி.ஐ.டி. 0002 படிவம். வதிவுரிமைக்கு முன் இங்கே தற்காலிக அனுமதியிலோ பாதுகாக்கப்பட்டவராகவோ (அகதியாக ஏற்கப்பட்டவராகவோ) இருந்த நாட்கள் அரை நாளாக, அதிகம் 365 நாள்வரை சேரும். தொடக்கத்தில் சொன்ன அந்தத் தாயின் 19 வயது மகனுக்கு 1,095 நாட்கள் தாராளமாக இருந்தன. அன்றிரவே விண்ணப்பத்தைத் தொடங்கினோம்.

கனடாவில் பிறந்த பிள்ளையின் பெற்றோருக்கு

பிள்ளை குடிமகன் என்பதால் தாய் தகப்பனுக்கு வதிவுரிமை வந்துவிடாது. 18 வயதுக்கு முன் பிள்ளையால் யாரையும் ஸ்பொன்சர் செய்யவும் முடியாது. மனிதாபிமான அடிப்படையில் விண்ணப்பிக்கும்போது பிள்ளையின் நலனை அதிகாரி கருத்தோடு பார்க்க வேண்டும் என்று 1999இல் பேக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த விண்ணப்பத்தை மட்டும் உரிமம் பெற்றவர் துணையில்லாமல் எழுதாதீர்கள். பணம் வாங்கி ஆலோசனை சொல்ல உரிமை உள்ளவர்கள், மாகாணச் சட்டச் சங்கத்திலோ கியூபெக் நொத்தாரிசுச் சங்கத்திலோ உள்ளவர்களும், குடிவரவு ஆலோசகர் கல்லூரி என்ற ஒழுங்குபடுத்தும் அமைப்பின் உரிமம் பெற்றவர்களும்தான். உரிமம் இல்லாத ஒருவர் பொய் எழுதிக் கொடுத்தாலும், கையெழுத்துப் போட்ட உங்களுக்குத்தான் கனடாவுக்குள் வர ஐந்து வருடத் தடை.

சான்றிதழ் வந்த பிறகு

குடியுரிமை கிடைத்த நாளோடு பிள்ளையின் வதிவுரிமை அட்டை செல்லாது. கனடாவுக்கு விமானம் ஏறக் கனடியக் கடவுச்சீட்டு வேண்டும், ஆகவே பள்ளி விடுமுறைக்கு ஊர்ப் பயணம் போடுமுன் அதை எடுங்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிள்ளையின் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்து, வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இலங்கை இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, ஆனால் விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். சான்றிதழின் மூலப் பிரதியைப் பாதுகாப்பான இடத்தில் வைத்து, ஒரு நிழற்படி எடுத்துப் பிள்ளையின் கையிலும் கொடுத்து வையுங்கள்.